நிலைக்கண்ணாடியில் வந்துபோன முகங்கள்

சமூக ஊடகத்தில் கண்ணாடிக் கடைக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, விற்பனைக்கு இருந்த நிலைக்கண்ணாடி ஒன்றின் படத்தைப் போட்ட அன்று மதியம், அந்தப் படத்தை எங்கெங்கோ உட்கார்ந்து பார்த்தவர்களின் முகங்கள் கடைக்குள் இருந்த அதே கண்ணாடியில் தெரிந்தன. முதலில் வந்தவர் பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்ததும் பேருந்தில் குலுங்கியபடி ஒரு பெண் வந்தாள். கடைக்காரரின் தங்கை, கண்ணாடி வெட்டுவதில் படு கெட்டிக்காரி, கட்டரைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "பரவாயில்லயே அண்ணா, ஆளுங்க பாக்குறாங்க!" என்றாள். பக்கம் தொடங்கச் சொல்லி வருஷக்கணக்காக நச்சரித்தவள் அவள்தான். அதற்குமேல் வியக்க அவளுக்கு நேரமில்லை, வெட்ட வேண்டிய வேலை கிடந்தது.

கடைக்காரர் சம்மதித்தது வியாபாரத்துக்காக இல்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே தெருவுக்கே தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற மனைவி, "நாள் பூரா கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் பாக்குறீங்களே, என் மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா சொல்லத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். மனுஷனுக்குத் தெரிந்தால்தானே சொல்ல! அவள் போனாள், போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். எந்த ஊரில் இருந்தாலும் என்றாவது இந்தப் பக்கம் அவள் கண்ணில் படாதா என்ற நப்பாசையில்தான் அவர் தலையாட்டினார்.

படம் எடுப்பதில் தங்கை கறாராக இருந்தாள். கண்ணாடிக்கு நேராக நின்று எடுத்தால் எடுக்கிற ஆளும் படத்தில் விழுவார், பார்க்கிறவர்கள் சரக்கை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பார்கள் என்பது அவள் கட்சி. ஆகவே ஓரமாக மண்டிபோட்டு, எதிர்ச்சுவர் மட்டும் தெரியும்படி எடுத்தார்கள். கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் போட்டார்கள். வியாபாரம் பிடித்துக்கொண்டது. முகங்கள் கூடிப்போய், நேரில் வந்த வாடிக்கையாளர்கள் தங்கள் முகத்தைப் பார்க்க, கண்ணாடியில் இருப்பவர் நகரும்வரை காத்து நின்றார்கள். ஒரு கண்ணாடி விற்றுப்போனால் அதன் படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள், முகங்களும் நின்றுவிடும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. கடைக்காரர் வந்த முகம் ஒன்றையும் விடவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் அவள் வந்துபோய்விட்டால் என்ன செய்வது? வந்தாலும் தனக்கு அடையாளம் தெரியுமா என்ற பயம் வேறு. அவள் இல்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கடையிலேயே சாப்பிட்டார்.

ஒருநாள் தங்கைக்குக் காய்ச்சல். வந்திறங்கிய முட்டை வடிவக் கண்ணாடியைக் கடைக்காரரே படமெடுத்துப் போட்டார், அதுவும் நட்டநடுவில் நேராக நின்று. தொப்பை, பட்டன் போன சட்டை, போனைப் பார்த்துப் பிளந்த வாய், எல்லாம் விழுந்திருந்தது. தங்கை போனில் அலறினாள். "அய்யய்யோ, மானம் போச்சு! மொதல்ல அதை எடுங்க அண்ணா!" எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரிந்தால்தானே. கண்ணாடியில் முகம்முகமாக வந்து சிரித்தார்கள். பிறகு சிரிக்காத ஒரு முகம் வந்தது.

பயந்ததெல்லாம் வீண். பார்த்த மாத்திரத்தில் அவள்தான் என்று தெரிந்துவிட்டது அவருக்கு. படத்துக்குக் கீழே அவள் எழுதினாள்: "சட்டையில மேல் பட்டன் எங்க?"

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஒரு புருவத்தை மெல்லிய தழும்பு ஒன்று வெட்டிக்கொண்டு போனது. ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார்: "புருவத்துல தழும்பு இருக்கே, எப்ப ஆச்சு?"

அது எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. பதில் வந்தது: "கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு."

அதற்குப் பிறகும் அவள் முகம் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அவள் போனைக் கீழே வைக்கவே இல்லை. மறுநாள் காய்ச்சல் விட்டு வந்த தங்கை, ஸ்டூலில் இருந்த அண்ணனையும் கண்ணாடியையும் மாறிமாறிப் பார்த்தாள். "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் பிய்த்தெடுத்தாள்.