சம்பூர்ணத்தின் வாழ்க்கை வரலாறு, மூன்றாம் வகுப்பு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. செங்கல்பட்டு ரெபேக்காள் டீச்சர் சொன்னது. பாதியை வாயால் சொன்னார், மீதியைக் கையால். அந்தக் கைப் பாதியை எழுத்தில் பிடிக்க ஐந்தாவது முறையாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வரி: 'அன்று கடல் கண்ணாடிபோல...'

வேண்டாம். அன்று யாரும் கடலைப் பார்க்கவில்லை.

2

1974. மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். பள்ளியில் ரெபேக்காள் சேர்ந்து எட்டே மாதம். மூன்றாம் வகுப்புக்கு ஹெலன் கெல்லர் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, காதில் பஞ்சடைத்து (பஞ்சுக்குத் தன் தலையணையையே பிய்த்தாராம்), ஒரு கையில் தண்ணீர் ஊற்றி, மறு உள்ளங்கையில் 'நீர்' என்று விரலால் எழுதினார். வகுப்பே கூச்சத்தில் நெளிந்து சிரித்தது.

கட்டை அவிழ்த்ததும், "பாவம் டீச்சர் அந்தம்மா" என்றார்கள்.

வச்சலா மட்டும் எழுந்தாள். "எங்க அத்தைக்கும்தான் காது கேக்காது, பேச்சு வராது. அதுல இன்னா பாவம்? மீன் விக்க சொல்லோ அதாண்ட ஒருத்தரும் பேரம் பேச முடியாது!"

(எட்டு வயதுப் பெண் இப்படிப் பேசுவாளா என்று எனக்குச் சந்தேகம். "அதைவிட மோசமாகப் பேசினாள்" என்றார் டீச்சர்.)

ரெபேக்காளுக்கு அங்கேயே யோசனை பிறந்தது. அத்தை சம்பூர்ணத்தின் வாழ்க்கையை வகுப்பே எழுதட்டும்.

3

மறுநாள் கரையில் பிள்ளைகள் சம்பூர்ணத்தைச் சூழ்ந்தார்கள். பிறந்தது எப்போது? அவள் இரு கைகளையும் சுழற்றி மேலே வீசினாள். "புயல்ல கூரை பறந்துச்சே, அன்னிக்காம்" என்றாள் வச்சலா. பிடித்தது? டூரிங் டாக்கீஸ், அதிலும் சண்டைப் படம். ஒரு சண்டையை அப்படியே நடித்துக் காட்டியதில் மீன்கூடை கவிழ்ந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளியில் ஊரே கூடியது. ரெபேக்காள் வாசிக்க, வச்சலா கையால் அத்தைக்குச் சொன்னாள். முதல் வரி: 'பாவம், சம்பூர்ணத்துக்குக் காது கேளாது.' அதைப் பிள்ளைகள் எழுதவில்லை. ரெபேக்காள் சேர்த்தது.

சம்பூர்ணத்தின் முகம் இறுகியது. எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்தாள். ரெபேக்காள் வாசல்வரை ஓடி, கையைப் பிடித்து நிறுத்தினார். கையால் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியவில்லை.

சம்பூர்ணம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தாளை வாங்கி, 'பாவம்' எந்தச் சொல் என்று வச்சலாவிடம் கேட்டு, அதைப் பென்சிலால் அழுத்தி அடித்தாள். தாள் கிழிந்தது. பிறகு கைகள் படபடத்தன.

"இன்னா சொல்றாங்க?" என்று வச்சலாவைக் கேட்டார் ரெபேக்காள்.

"நான் பேசறது ஊருக்கே புரியுது, உனுக்கு மட்டும் புரியல. நீதான் பாவம்ங்குது டீச்சர்."

ஊர் சிரித்தது. ரெபேக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அப்போ எனக்கும் கத்துக் குடுங்கக்கா."

அன்று சாயங்காலம் அவர் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார்.

4

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் ரெபேக்காள் காது கேளாதோர் பள்ளிக்கு ஆசிரியையாகப் போகிறார். மற்றதில் சம்பூர்ணத்துக்குக் கல்யாணம், வகுப்பே மாப்பிள்ளை ஊர்வலத்தில்...

இரண்டும் பொய். நடந்தது இவ்வளவுதான். கடைசி வரியாக என்ன எழுதுவது என்று பிள்ளைகள் சம்பூர்ணத்தைக் கேட்டார்கள். அவள் தன் நெஞ்சைத் தட்டினாள், தாளின் அடியில் இருந்த வெற்றிடத்தை உள்ளங்கையால் மூடினாள்.

"நான் இன்னும் உசுரோட கீறேன், அதுக்குள்ள இன்னாத்துக்கு முடிக்கிறீங்கன்னு கேக்குது" என்றாள் வச்சலா.

நானும் முடிக்கவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதலாம், அவளைக் கேட்டுவிட்டு.