திருப்பிக் கொடுக்காத கோட்டு

முதல் கோட்டை மாட்டிக்கொண்டு பெஞ்சமின் வீட்டு நடுவில் வந்து நின்றான். கோட்டின் தோள் இரண்டும் அவன் தோளைத் தாண்டி இரண்டு பக்கமும் வெளியே போயிருந்தன. கோட்டுக் கை அவன் விரல் நுனி வரைக்கும் இறங்கிவிட்டது. கோட்டின் அடி முழங்காலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இருக்கிறானா என்று சந்தேகம் வரும்படி, கழுத்துக்கு மேலே அவனுடைய சின்ன முகம் மட்டும் திருதிருவென்று விழித்தது. ஞானசுந்தரிதான் முதலில் துப்பட்டாவால் வாயைப் பொத்தினாள். அடக்க முடியாமல் வெடித்துவிட்டாள்.

"இன்னாடி இது? உள்ள இன்னொரு ஆளு பூந்துக்கலாம் போல கீதே!"

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெஞ்சமினின் அக்கா ஷாரோன் மட்டும் சிரிக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மற்ற மூன்று கோட்டுக்கும் இதே அளவில் துணியை வெட்டிப் போட்டாகிவிட்டது. தம்பியை இந்தக் கோலத்தில் உத்திரமேரூர் மேடையில் ஏற்றினால், போன வருடம் பட்ட அவமானமே தேவலை என்று ஆகிவிடும்.

போன வருடம் நடந்ததை ஷாரோன் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. காணும் பொங்கலன்று உத்திரமேரூர் மைதானத்தில் இளைஞர் மன்றம் ஒன்று நடத்தும் ஆட்டப்போட்டிக்கு பெஞ்சமினும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் முதல்தடவையாகப் போயிருந்தார்கள். பகலில் நான்கு பேருமே அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள். சாயந்தரமானால் சாலவாக்கம் ஏரிக்கரையில் தலைகீழாக நின்று சுழலுவார்கள். அதற்கு ஹிப் ஹாப் என்று பெயர். ஊரில் யாராவது பிரேக் டான்ஸ் என்று சொல்லிவிட்டால் பெஞ்சமினுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். டிவியில் பார்த்த மாதிரியே தொளதொள பேண்ட்டும் பெரிய பனியனும் போட்டுக்கொண்டு மேடை ஓரத்தில் முறைக்காகக் காத்திருந்தார்கள். மைக்கோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்த அறிவிப்பாளர் அவர்களைப் பார்த்ததும், "டேய், இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? அந்தச் சேர எல்லாம் எடுத்து முன்னாடி போடுங்கடா" என்றார். பந்தல்காரனின் ஆட்கள் என்று நினைத்துவிட்டார்.

அவர் நினைத்தது கூடப் பரவாயில்லை. பெஞ்சமின் எடுத்துப் போட்டான். அதுதான் ஷாரோனைக் குத்தியது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'நாங்க ஆட வந்தவங்க சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு முன்னால் அவன் கை போய்விட்டது. யாராவது அதட்டினால் குனிந்து தூக்குகிற பழக்கம் உடம்பில் எத்தனையோ தலைமுறையாக ஊறிக் கிடக்கிறது, இவன் ஒருவன் என்ன செய்வான். நான்கு நான்காக அடுக்கித் தூக்கி வரிசையாகப் போட்டான். பிறகு மேடையேறி ஆடினான். ஆட்டத்தில் உயிரே இல்லை.

பல நாள் கழித்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு திடீரென்று ஆரம்பித்தான்.

"அக்கா, டிவில ஆடறானுங்களே, அவனுங்களும் தொளதொளன்னு போட்டுக்கினு தரையில பொரண்டவனுங்கதான். அப்பால கோட்டு மாட்டிக்கினானுங்க. ஏன் தெரியுமா?"

"ஏன்டா?"

"என்ன வேலக்காரன்னு நெனச்சிக்காதன்னு சொல்றதுக்கு. வாயால சொல்லாம, நின்னுக்கினே சொல்றதுக்கு."

அம்மா செல்லாயி அடுப்பை விட்டு எழுந்து வந்து டிவியைப் பார்த்தாள். திரையில் நான்கைந்து கறுப்பு ஆட்கள் பளபளவென்று கோட்டு போட்டு, தொப்பியைச் சாய்த்து வைத்து, உலகத்தையே விலைக்கு வாங்கியவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். "நம்ம நெறமாத்தான் கீறானுங்க. நிக்கிறத பாரேன் எப்டி நிக்கிறானுங்கன்னு" என்றாள். அவள் குரலில் இருந்தது பொறாமையா பெருமையா என்று ஷாரோனுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் நான்கு பேருக்கும் கோட்டு தைத்துவிடுவது என்று அந்த நிமிடத்தில்தான் ஷாரோன் தீர்மானித்தாள்.

ஷாரோன் ஒரகடம் பக்கத்தில் இருக்கும் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கோட்டு தைக்கிறவள். தைக்கிறவள் என்றால் முழுக் கோட்டு அல்ல. கோட்டுக்கு இடது கை வைப்பது அவள் வேலை. சாலவாக்கம் காலனியிலிருந்து கம்பெனி வேனில் போகிற பெண்களில் ஞானசுந்தரி காலர் வைப்பாள். ஒருத்தி பாக்கெட், ஒருத்தி உள்துணி, ஒருத்தி முதுகு. காலையிலிருந்து சாயந்தரம் வரை இடது கை, இடது கை, இடது கை. பொத்தான் போட்டு முடித்த முழுக் கோட்டு எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருத்தியும் நின்று பார்த்ததில்லை. அது கட்டடத்தின் அந்தக் கோடியில் பிளாஸ்டிக் உறைக்குள் போய்க் கப்பலேறிவிடும்.

துணிக்கு ஷாரோன் உத்திரமேரூர் கடைத்தெருவில் ரஹமத்துல்லா பாயிடம் போனாள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கென்று அவர் வரவழைத்து, அவர்கள் நிறத்தை மாற்றிவிட்டதால் விற்காமல் போன மைநீலத் துணி ஒரு கட்டு அலமாரியின் உச்சியில் தூசி படிந்து கிடந்தது. விஷயத்தைக் கேட்டவர் ஸ்டூல் போட்டு ஏறித் தானே இறக்கினார்.

"எடுத்துக்கினு போம்மா. இத்தப் பாக்கப் பாக்க எனக்குப் பேஜாரா கீது. ஒண்ணு மட்டும், மைக்ல நம்ம கட பேரு வரணும்."

சபையின் தையல் வகுப்பு மிஷின் ஒன்று, ஞானசுந்தரி வீட்டு மிஷின் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஷாரோன் வீட்டில் கூடினார்கள். அளவு எடுக்க வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கம்பெனியில் யார் அளவெடுத்தார்கள்? அவரவர் பாகத்தை அவரவர் கை அறிந்தபடி செய்தித்தாளில் வரைந்து வெட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு வரைந்தால்கூட நூல் பிசகாது. தோளுக்குப் பழைய மெத்தையின் ஸ்பான்ஜ். வலது கை வைக்கிறவள் மட்டும் செய்யாறு பக்கத்திலிருந்து வேறு வேனில் வருகிறவள் என்பதால் அதுவும் ஷாரோன் தலையில் விழுந்தது. இடது கையே வைத்துப் பழகிய விரல்களுக்கு வலது கை வைப்பது பீச்சாங்கையால் சோறு தின்பது போல இருந்தது. பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

எல்லாப் பாகமும் ஒன்றோடு ஒன்று அச்சாகப் பொருந்தின. பெஞ்சமினுக்குத்தான் பொருந்தவில்லை. அந்தப் பருவம் முழுக்கக் கம்பெனியில் ஓடியது வெளிநாட்டின் மகா உருவங்களுக்கான அளவு. அந்த ஆளைத்தான் இவர்கள் கை அறிந்திருந்தது. மூட்டை தூக்கித் தூக்கி நரம்பும் எலும்புமாக இருந்த இவனை அறியவில்லை.

"பிரிச்சி சின்னது பண்ணிடலாம்டி" என்றாள் ஞானசுந்தரி, சிரிப்பு ஓய்ந்ததும். "தோள இப்டி உள்ள புடிச்சி..."

"ஒரு வாரத்துல இத்தப் பிரிச்சி, மத்த மூணையும் சின்னதா வெட்டித் தெச்சிட முடியுமா?" என்றாள் ஷாரோன்.

பெஞ்சமின் கதவோரத்துக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். மெதுவாக ஒரு கையைத் தூக்கினான். கோட்டின் கை ஒரு கணம் தாமதித்து, பிறகு அவன் கைக்குப் பின்னால் தானும் எழுந்தது. தோளை ஒரு குலுக்குக் குலுக்கினான். உடம்பு நின்ற பிறகும் கோட்டு ஒரு ஆட்டம் ஆடி அடங்கியது. மறுபடியும் செய்தான். கண்ணாடியில் அவன் முகம் மாறுவதை ஷாரோன் பார்த்தாள்.

செல்லாயி சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் காட்டினாள். படத்தில் அப்பா ஏசுதாஸ் கோட்டு போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். செல்லாயி பக்கத்தில் நின்று நாற்காலி முதுகைப் பிடித்திருப்பாள். அவர் போய்ப் பல வருடமாகிறது. காலனியில் கோட்டு என்றால் கல்யாணத்தன்று காஞ்சிபுரத்தில் வாடகைக்கு எடுப்பதுதான். யாருக்கும் அளவாக இருந்ததே கிடையாது.

"உங்கப்பனுக்கும் இப்டித்தான் லூசா இருந்திச்சி. யாரு சிரிச்சா? ஆனா பொயுது சாயறதுக்குள்ள கயட்டிக் குடுன்னு கடக்காரன் ஆள அனுப்பிட்டான். பந்தியில பாதி சோத்தோட எய்ந்து போயி கயட்டிக் குடுத்துட்டு வந்தாரு மனுசன்." அவள் எழுந்து வந்து மகனின் கோட்டு நுனியைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். "இத்த எவனுக்கும் திருப்பிக் குடுக்க வேணாம். நம்பளுது. நூல்கூட பிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு யாரும் பிரிப்பதைப் பற்றிப் பேசவில்லை. மீதி மூன்றும் அதே அளவில் எழுந்தன. ஏரிக்கரையில் நான்கு பேரும் கோட்டோடு ஆடிப் பழகினார்கள், அல்லது கோட்டு அவர்களோடு ஆடிப் பழகியது.

காணும் பொங்கலன்று உத்திரமேரூர் மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. காலனிப் பெண்களெல்லாம் கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள். நான்கு பேரும் மைநீலக் கோட்டில், தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, நடைக்கு நடை துணி பின்னால் வர, மைதானத்துக்குள் நுழைந்தார்கள். கூட்டம் தானாக வழிவிட்டது. மேடையோரத்தில் அதே அறிவிப்பாளர். கழுத்தில் ஒரு துண்டு. அவர் திரும்பிப் பார்ப்பதை ஷாரோன் பார்த்தாள். கர்த்தரே, நாற்காலி தூக்கச் சொல்லிவிடக் கூடாது.

அறிவிப்பாளர் ஓடி வந்தார். துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து, முன்வரிசை நாற்காலிகளைத் தட்டித் துடைத்தார். "வாங்க சார், வாங்க. சார் எங்கேர்ந்து வரீங்க?"

பெஞ்சமின் ஒரு நொடி தயங்கினான். "சாலவாக்கம்" என்றான். அது பொய்யில்லை.

உடனே மைக் முழங்கியது. "சாலவாக்கத்திலிருந்து வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர்களை மன்றத்தின் சார்பில் வருக வருக என வரவேற்கிறோம்!" கையில் ஆளுக்கொரு சோடா வந்தது. நான்கு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஞானசுந்தரி ஷாரோனின் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். ஷாரோனுக்குச் சிரிப்பும் வந்தது, பயத்தில் வியர்த்தும் கொட்டியது. தெரிந்தால் என்ன ஆகும்? யார் பிள்ளைகள் என்று தெரிந்தால் அந்த நாற்காலியிலிருந்து எப்படி எழுப்புவார்கள்? பெஞ்சமினின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிமிர்ந்தே இருந்தது. தோளில் மெத்தை ஸ்பான்ஜ்கூட அசையவில்லை.

"அடுத்ததாக, சாலவாக்கம் ஹிப் ஹாப் பாய்ஸ்!" என்று கூப்பிட்ட அறிவிப்பாளர் மேடைப் பின்பக்கம் பார்த்தார். யாரும் வரவில்லை. "பாய்ஸ் எங்கப்பா? வந்துகீறாங்களா இல்லியா?"

முன்வரிசையில் சிறப்பு விருந்தினர்கள் நான்கு பேரும் எழுந்தார்கள். சோடாவை நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள். அறிவிப்பாளரைத் தாண்டிப் படியேறினார்கள். கூட்டத்துக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் எழுந்த விசிலும் கூச்சலும் இருக்கிறதே, காளை ஓட்டத்தில்கூட அப்படிக் கேட்டதில்லை. அறிவிப்பாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனி என்ன சொல்ல முடியும்? அவர் வாயால்தான் வருக வருக என்றார்.

அன்று அவர்கள் ஆடியதை இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். உடம்பு நிற்கும், கோட்டு நிற்காது. கை மடங்கும், துணி பறக்கும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்து எழுந்தபோது நீலமாக ஒரு அலை எழுந்து அடங்கியது. ஜனம் ஆட்டத்தைப் பார்த்தது. ஷாரோன் கோட்டுக் கை சேரும் தோள் தையலைத்தான் பார்த்தாள். நான்கு இடது கையும் கல்லு மாதிரி நின்றன. பெஞ்சமின் ஒற்றைக் கையில் ஊன்றிச் சுழன்றபோது அவனுடைய வலது அக்குளில் தையல் விட்டு உள்ளே வெள்ளைத் துணி தெரிந்தது. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவன் நிற்கவில்லை. கூட்டத்தின் எங்கோ மூலையிலிருந்து ரஹமத்துல்லா பாய், மைக்கை நம்பிப் பயனில்லை என்று தானே கத்தினார். "துணி நம்ம கடதான்! நம்ம கட!"

ஆட்டம் முடிந்து இறங்கிய பெஞ்சமின் முன்வரிசைக்கு வந்தான். குனிந்தான். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கினான். ஷாரோன் கயிற்றை எட்டிப் பிடித்தாள். மறுபடியுமா? யார் சொன்னார்கள் இவனுக்கு? ஆனால் யாரும் சொல்லவில்லை. அறிவிப்பாளர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். பெஞ்சமின் நாற்காலியைத் தோளுக்கு மேலே ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, விருந்தினர் வரிசையைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, பெண்கள் நின்ற பக்கம் வந்தான். செல்லாயிக்கு முன்னால் போட்டான்.

"குந்துமா."

செல்லாயி நாலு பக்கமும் பார்த்தாள். முந்தானையால் நாற்காலியை ஒருமுறை துடைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்து, போட்டோ எடுக்கப் போகிறவர்கள் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பெஞ்சமின் பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கையை வைத்தான். மைக்கில் யாருக்கோ ஏதோ பரிசை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ஷாரோன் சுடிதாரில் குத்தியிருந்த ஊசியை உருவி அவன் பக்கத்தில் போனாள். விட்டுப்போன வலது கைத் தையலிலிருந்து வெள்ளை நூல் ஒன்று நீளமாகத் தொங்கி, அம்மாவின் தோள்மேல் ஆடிக்கொண்டிருந்தது.