நாலு மில்லிமீட்டர்

"தள்ளு, தள்ளு. லிப்டையே தூக்கி நிறுத்துறவன் நான். இது கேவலம் ஒரு சைக்கிள்!" என்றார் கணவர்.

அவளுடைய பந்தய சைக்கிள், நீல நிறம். கல்யாணத்துக்கு முன்பு அதில் கோப்பைகூட வாங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த அன்று, "இடத்தை அடைக்குது" என்று அவர்தான் அதைப் பால்கனிக்குத் தள்ளினார். மழையில் சக்கரங்கள் துருவேறிப் போயின. ஞாயிற்றுக்கிழமை பழைய கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்து ஓட்டப் போகிறோம் என்று தோழி கூப்பிட்டதும், யாரையும் கேட்காமல் புதுச் சக்கரம் வாங்கிவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சமாதானத்துக்காகத்தான், "நீங்களே மாட்டிக் குடுங்க" என்று சொல்லித் தொலைத்தாள்.

இந்தக் காலத்துச் சக்கரம் நடு அச்சில் நாலு மில்லிமீட்டர் அகலம் கூடுதல். பழைய இரும்பு பிரேம் விரிந்து கொடுக்கும்; ஆனால் பின்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் இரண்டு குழாய்க் கால்களையும் கொஞ்சம் கொஞ்சமாக, சரிசமமாக விரிக்க வேண்டும். அவள் நூல்கண்டோடு வந்தாள்.

"என்ன, காத்தாடி விடப் போறியா?"

"இல்லங்க. பின்னாலேர்ந்து நூலை முன்பக்கம் சுத்திக் கட்டினா, எந்தக் கால் எவ்வளவு விலகுதுன்னு..."

"நாலு மில்லிக்கு நூலு, ஊசி! போய் டீயப் போடு. வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்."

லிப்ட் கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். ஸ்பேனர் பிடிப்பது மற்றவர்கள். இவர் பின்னால் கை கட்டி நிற்பவர். அது வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பால் பொங்குவதற்குள் 'நறக்'கென்று ஒரு சத்தம்.

ஓடி வந்தாள். சைக்கிளைப் படுக்கப் போட்டு, பிரேமின் ஒரு காலை மிதித்துக்கொண்டு மறுகாலை இரண்டு கைகளாலும் இழுத்திருக்கிறார். சக்கரமும் உள்ளே போய்விட்டது.

"பாத்தியா!"

அவள் நூலைக் கட்டினாள். இடப்பக்கம் நூலுக்கும் நடுவிலிருந்த சீட்டுக் குழாய்க்கும் இடையில் மூன்று விரல் நுழைந்தது. வலப்பக்கம் இரண்டே விரல். அவர் இழுத்த இடது கால் குழாயைத் தடவிப் பார்த்தாள். அடியில் பெயின்ட் வெடித்து, இரும்பு மடிந்திருந்தது. வளைந்ததை நிமிர்த்தலாம். மடிந்ததை ஒன்றும் செய்ய முடியாது.

"வாங்கும்போதே கோணலா இருந்திருக்கும்," என்றார் அவர்.

போன் அடித்தது, தோழி. அவர்தான் எடுத்தார். "அவளா? வரமாட்டா. முட்டி வலி... ஆமாமா, வயசாகுதுல்ல? இருங்க, குடுக்கறேன்."

நீட்டிய கையில் கிரீஸ். கண்ணில், இருபது வருஷத்தில் அவள் பார்த்திராத ஒரு கெஞ்சல். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ஆமாடி," என்றாள். "முட்டிதான். நீங்கல்லாம் போயிட்டு வாங்க."

வைத்துவிட்டு, சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்தை உயர்த்திப் பிடித்துப் பெடலைச் சுழற்றினாள். டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயை உரசிக்கொண்டு ஓடியது. நீலம் பொடிப்பொடியாக அவள் பாதத்தில் உதிர்ந்தது. அவள் காலை நகர்த்தவில்லை. இன்னொரு முறை சுழற்றினாள்.