பதினாறு நாள் காத்த காடை முட்டைகள்

1
இந்தக் கதை நான் வாயைத் திறக்காததால் பிறந்தது. 1984, போடிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம். பக்கத்து வீட்டு அமாவாசை காடை வளர்த்தான்.

(முதல் தொடக்கம்: 'மழை விடாமல் பெய்த அந்த—' வேண்டாம். அன்று மழையே இல்லை.)

2
அடை வைக்க நூற்றிருபது முட்டை சேர்த்திருந்த வாரத்தில் பாம்பு கடித்துச் செத்தான். காடைகளைக் கீரி முடித்தது. மிச்சம் முட்டைகள்தான், எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான கொட்டடியின் குளிர்ச்சியில்.

அவன் மனைவி குருவம்மாள் அவற்றைத் தொடவில்லை. "எழவு வீட்டுல புதுச் சோலி தொடங்கக் கூடாதுண்ணே. பதினாறு கழியட்டும். குஞ்சு பொரிச்சா இங்கனயே இருப்பேன். இல்லேன்னா எங்க அண்ணன்கூட ராசிங்காபுரம் போகணும். அங்க வாசப்படி தாண்ட விடமாட்டாக."

ஏழு நாள் தாண்டினாலே முட்டையில் உயிர் குறையும். தினமும் திருப்பி வைக்காவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். அமாவாசை சொன்னதுதான். அதற்காகவே ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் குறி போட்டிருந்தான்.

3
விடியுமுன் திருட்டுத்தனமாகத் திருப்பியவன் நான். ஒன்பதாம் நாளும் திருப்பிவிட்டு, வேலை கிடைத்து ஜீப்பில் போடிக்கு இறங்கிவிட்டேன்.

(முட்டைகளை அடுக்கியிருந்த தவிட்டில் மூன்று விரல் தடம் இருந்தது, அமாவாசைக்கு வலக்கையில் மூன்றே விரல் என்று ஒரு வரைவில் எழுதினேன். அடித்துவிட்டேன். அவனுக்குப் பத்து விரலும் இருந்தன.)

4
பதினாறு கழிந்து, அக்கம்பக்கத்து அடைக்கோழிகளில் முட்டைகளை அடை வைத்தாள். தொண்ணூற்றொரு குஞ்சு. பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுகதாண்ணே திருப்புனது. வாசல்ல நின்னு தெனமும் பாத்தேன். பதினாறு நாளும் குறி மாறி மாறி இருந்துச்சு."

பதினாறு நாளும். ஒன்பதாம் நாளே நான் மலையிறங்கியிருந்தேன். அதுவரை திருப்பியது நான் என்பதை மறைத்துவிட்டு வந்தேன்.

5
இரண்டு வருஷம் கழித்து, போன வாரம், போடி பஸ் ஸ்டாண்டில் குருவம்மாள்.

"எங்க அண்ணன் மறுபடி கூப்புடுறாக. நீங்க விடியமுன்ன கொட்டடிக்குப் போனதா ஊருல சொல்றாக. அவுக திருப்பலேன்னா நான் எதுக்கு மலையில ஒத்தையில கெடக்கணும்? பொய் சொல்லாதீக அண்ணே. நீங்களா திருப்புனீக?"

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். நாளை வெள்ளி.

முடிவு ஒன்று: 'நான்தான்' என்கிறேன். அவள் மலையிறங்குகிறாள்.

முடிவு இரண்டு: 'நானில்லை' என்கிறேன். அவள் அங்கேயே இருக்கிறாள், என் பொய்யோடு.

முடிவு மூன்று: 'ஒன்பது நாள் நான். மிச்சம் ஏழு நாள்—'

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. கீழே இடம் விட்டு, தாளைக் குப்புற வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. திரும்பி வந்தால் தாள் மல்லாந்து கிடக்கிறது.

இடம் இன்னும் காலிதான். நீங்களே எழுதிவிடுங்கள்.