இருபத்தெட்டு நாள்

எங்கள் அப்பா யாருக்கும் ஒரு நாள்கூடப் பாக்கி வைத்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். தபால் நிலையத்தில் சேமிப்புக் கவுண்டரில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்தவர். சாயங்காலம் கணக்கு இடித்தால் மொத்தத்தையும் மேஜையில் கொட்டி முதலிலிருந்து எண்ணுகிற ரகம். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கியிருந்தால், அம்மா மறந்தாலும் இவர் மறக்காமல் மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். நல்ல குணம்தான். அந்த நல்ல குணம் என் வாயில் மண்ணைப் போட்டது.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிறவள். ஏழு வருஷமாக அதே அறை, அதே பேச்சு. மூச்சை இழுங்க, பிடிச்சுக்கோங்க, அசையாதீங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்திவிட்டு, "விடலாம்." ஒரு நாளைக்கு அறுபது எழுபது நெஞ்சு. எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒருத்தன் வெளிநாட்டில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்து ஸ்கேன் பிரிவுக்குத் தலைவனாக உட்கார்ந்தான். வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அந்தக் கதவ கொஞ்சம் சாத்திட்டுப் போங்க" என்றான். கதவைச் சாத்தினேன். அன்றைக்கு மத்தியானமே நானும் அதே படிப்புக்கு எங்கெங்கே விண்ணப்பம் போடலாம் என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று வருஷம் பிடித்தது. ஆங்கிலப் பரீட்சை இரண்டு தடவை எழுதினேன். பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய டாக்டரின் அறை வாசலில் பதினோரு நாள் நின்றேன். மூன்றாவது வருஷம் ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. கட்டணத்தில் பாதியை உதவித்தொகையாக அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். அந்த உதவித்தொகை அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்தான், தள்ளிப்போட முடியாது என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இடத்தைப் பிடித்துவைக்க இரண்டு லட்சம் கட்டினேன். நானே வராமல் போனால் அது திரும்பாது என்பதும் அதே கடிதத்தில் இருந்தது, ஆனால் சின்ன எழுத்தில்.

மிச்சம் விசா. அதற்கு ஒரு விதி. மீதிக் கட்டணமும் அங்கே தங்கிச் சாப்பிடும் செலவுமாக இருபத்தெட்டரை லட்சம் நம் கணக்கில் இருக்க வேண்டும். இருந்தால் போதாது, தொடர்ந்து இருபத்தெட்டு நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். அப்பா, அம்மா கணக்கில் இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள், அவர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு சம்மதக் கடிதம் கொடுத்தால்.

என் சேமிப்பு பதினோரு லட்சம். அப்பாவுக்கு ஓய்வு பெறும்போது வந்ததில் பத்து லட்சம் இருந்தது. அதை அவர் ஒரு வார்த்தை முனகாமல் எடுத்து வைத்தார். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு நாக்கு அழுகிவிடும். இன்னும் எட்டு லட்சம் வேண்டும். அது செலவுக்கு இல்லை, காட்டுவதற்கு. அங்கே போய்ப் பகுதி நேர வேலை செய்து சமாளித்துக்கொள்வேன். இருபத்தெட்டு நாள் கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பிப் போகிற பணம்.

அதைக் கொடுத்தவர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி, ஓடு, குழாய் விற்கிற கடை வைத்திருப்பவர்.

"அண்ணனுக்கு இல்லாததா" என்றார். "ஆனா ஒண்ணு. பொம்பளப் புள்ள கணக்குல வேண்டாம், அண்ணன் கணக்குலயே போட்டுடறேன். ஒரு மாசம்னு வச்சுக்கலாம், என்ன?"

"ஒரு மாசமே வேண்டாம்டா. இருவத்தெட்டு நாள்தான்" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். தம்பி கேட்டதற்கும் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கொடுக்கப்போகிறாராம்.

நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, சித்தப்பா காசோலையை அப்பா கையில் கொடுத்தார். ஏழாம் தேதி, திங்கட்கிழமை, அது கணக்கில் ஏறியது. என் பணமும் ஏற்கெனவே அதே கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. மொத்தம் இருபத்தொன்பது லட்சம். நான் அன்று மாலை அப்பாவிடம், "இன்னும் இருவத்தெட்டு நாள் இதத் தொடக்கூடாதுப்பா. ஒரு ரூபா அசையக்கூடாது" என்றேன். அவர் தலையாட்டினார். என் பீரோவின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, ஏழிலிருந்து எண்ணி, அடுத்த மாதம் மூன்றாம் தேதியை வட்டம் போட்டு வைத்தேன். தினமும் காலையில் துணி எடுக்கும்போது ஒரு கோடு அடிப்பேன்.

உள்பக்கம். அதுதான் நான் செய்த தப்பு. வெளியே, சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கலாம். வருகிறவர் போகிறவர் பார்த்து, 'ஓ, பொண்ணு வெளிநாடு போகுதா' என்று கேட்டு, கண் பட்டு, போகிற காரியம் கெட்டுவிடும் என்று அம்மா பயந்தாள். விஷயம் முடிகிறவரைக்கும் மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கட்டிக்காக்கிற சட்டம். நானும் கட்டிக்காத்தேன். படித்தவள்தான், என்ன செய்ய.

அடுத்த மாதம் நாலாம் தேதி, திங்கட்கிழமை, அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்பாவோடு வங்கிக்குப் போனேன். முத்திரை போட்ட கணக்கு அறிக்கை வாங்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் அச்சடித்து நீட்டினாள். கடைசி வரியைப் பார்த்தேன். இருபத்தொரு லட்சம். அதற்கு மேல் வரி, ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பற்று எட்டு லட்சம். குறிப்பு என்ற இடத்தில் அப்பா எழுதிக் கொடுத்ததை அப்படியே அடித்திருந்தார்கள்: நன்றியுடன் திருப்பியது.

"அப்பா, இது என்ன?"

"தம்பி பணம். குடுத்துட்டேனே."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை காலைல. முப்பத்தொண்ணாம் தேதியோட இருவத்தெட்டு நாள் முடிஞ்சுதுல்ல. நாலுலேர்ந்து எண்ணிப் பாரு." அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்தார். அதிலும் கோடுகள். நான்கு நான்காக நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே அடித்து, தபால் கட்டு எண்ணுகிற மாதிரி. இருபத்தெட்டு சரியாக இருந்தது. "செக்கு கைக்கு வந்த நாள்தானே வரவு? என் கவுண்டர்ல அப்படித்தான் எழுதுவோம்."

"கணக்குல ஏறினது ஏழாம் தேதிப்பா."

"சனி ஞாயிறு வங்கிக்கு லீவு. அதுக்கு நம்ம என்ன பண்றது?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

மூன்று நாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் அங்கேயே விரல் விட்டு எண்ணினேன். விசா விண்ணப்பம் அந்த மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் போக வேண்டும். அன்றைக்கே யாராவது எட்டு லட்சத்தைக் கொண்டுவந்து கொட்டினாலும் இருபத்தெட்டு நாள் முடிய முப்பத்தொன்றாகிவிடும். கடவுளே வந்து கடன் கொடுத்தாலும் நாளைக் கொடுக்க முடியாது. கவுண்டர்காரி, "முத்திரை போடட்டுமா மேடம்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். "ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதாப்பா?" என்றேன்.

"புதன்கிழம அவன் போன் பண்ணினான்மா. 'ஒண்ணும் அவசரமில்ல அண்ணா, சும்மா ஞாபகப்படுத்தினேன்'னான். அவன் அப்படிக் கேட்ட பிறகு ஒரு நாள் வச்சிருந்தாலும் எனக்குச் சோறு இறங்குமா, சொல்லு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். கத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் நானும் லேசுப்பட்டவள் இல்லை. முன்னே பின்னே தெரியாத நோயாளிக்கு மூச்சைப் பிடி என்றும் சொல்கிறேன், விடலாம் என்றும் சொல்கிறேன். பெற்ற அப்பாவுக்குப் பிடி என்று மட்டும் சொன்னேன். எந்தத் தேதியில் விடலாம் என்று சொல்லவே இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். மிகவும் வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த வருஷம் வரலாமாம், முழுக் கட்டணத்தோடு. உதவித்தொகை போச்சு, இரண்டு லட்சமும் போச்சு. வேலையை விடுவதாக எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் எட்டு மணிக்கு டியூட்டிக்குப் போனேன். அப்பா ஒரு வாரம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பிறகு உட்கார்ந்தார். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் சித்தப்பா வந்தார். கூடவே அவர் மகன் சின்னவன். வீட்டில் எல்லோருக்கும் இளையவன் என்பதால் இருபத்திரண்டு வயசிலும் அவனுக்கு அதுதான் பேர். கையில் பிளாஸ்டிக் கோப்பு.

"ஒரு நல்ல விஷயம்" என்றார் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி. எங்கள் வீட்டுக்குள்ளேயே யார் காதில் விழும் என்று பயந்தாரோ. "இவனும் வெளிநாட்டுல படிக்கப் போறான். முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தோம். நாளைக்கு விசாவுக்குப் போடணும். உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு கண்ணு பாத்துடும்மா."

அவருக்கு வெட்கமாக இருந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெட்கத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வந்திருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். "பாத்துக் குடும்மா. நம்ம புள்ளதானே."

கோப்பை வாங்கினேன். இட ஒப்புதல் கடிதம், பரீட்சைச் சான்றிதழ், பிறகு கணக்கு அறிக்கை. சித்தப்பாவின் கணக்கு. நாலாவது வரியில் இருந்தது: ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, வரவு எட்டு லட்சம். நன்றியுடன் திருப்பியது. அந்த எட்டு லட்சம் வந்த பிறகுதான் அவர்கள் தொகையும் நிறைந்திருந்தது. அதிலிருந்து எண்ணினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

"நாப்பத்தோரு நாள் ஆயிருக்கு" என்றேன்.

"ஆமாக்கா" என்றான் சின்னவன். "ஏஜென்ட்டு, சீக்கிரமே போட்டு வச்சுடுங்க, எதுக்கு வம்புன்னாரு. அதிகமா இருந்தா பரவால்லையா?"

"பரவால்ல. நீ விண்ணப்பம் போடக் கடைசித் தேதி எப்போ?"

"இன்னும் பத்தொம்பது நாள் இருக்கு."

நாற்பத்தொன்றும் பத்தொன்பதும் அறுபது. வேண்டியது இருபத்தெட்டு. "முப்பத்திரண்டு நாள் மிச்சம் வச்சிருக்கீங்க சித்தப்பா" என்றேன். "எனக்கு மூணு நாள் பத்தல."

சித்தப்பா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "அய்யோ, அது எனக்குத் தெரியாதேம்மா. இருவத்தெட்டு நாள் ஆச்சுன்னு அண்ணனே குடுத்துட்டாரு. நான் சும்மாதான் கேட்டேன். இன்னும் பத்து நாள் இருக்கட்டும்டான்னு அண்ணன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"எதுக்குக் கேக்கறேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"அதெப்படிம்மா, முடியறதுக்கு முன்னாடி வெளிய சொல்ல முடியுமா?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பிறகு நிலைமையைச் சரிக்கட்டுகிற மாதிரி அப்பா பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு சொல்லணும். பண விஷயத்துல அண்ணன மாதிரி ஒரு மனுஷன் கிடையாது. ஒரு மாசம்னு வாங்கினாரு, அதுக்கும் முன்னாடியே கொண்டுவந்து குடுத்தாரு."

அப்பாவால் அதைத் தாண்ட முடியவில்லை. வீடு எரிந்துகொண்டிருந்தாலும் இந்த ஒரு பேச்சுக்கு அவர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஓடுவார். "யாருக்கும் ஒரு நாள் பாக்கி வச்சவன் இல்லடா நான்" என்றார்.

"எனக்கு மூணு நாள் பாக்கி இருக்குப்பா" என்றேன்.

அம்மா அடுக்களை வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மெதுவாகக் கோப்பை என் மடியிலிருந்து எடுத்து, தாள்களை உள்ளே தள்ளி, "அப்ப நாங்க கிளம்பறோம் அண்ணா" என்று எழுந்தார். தள்ளும்போது மேலே இருந்தது சம்மதக் கடிதம். 'என் கணக்கில் உள்ள பணத்தை என் மகன் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்.' கீழே சித்தப்பாவின் கையெழுத்து. தேதி இல்லை. தேதி இல்லாத கடிதம் போனால் விண்ணப்பம் திரும்பிவிடும். அந்தக் கடிதத்தை எங்களுக்காக எத்தனை தடவை எழுதிப் பார்த்தவள் நான்.

அவர்கள் வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டுகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். போகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். சின்னவன் திரும்பிப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்குல்லக்கா?" என்றான்.

"இல்ல" என்றேன். "சம்மதக் கடிதத்துல தேதி போடல. இங்கயே போட்டுட்டுப் போகச் சொல்லு."

சித்தப்பா அவசரமாக உள்ளே வந்து பைகளைத் தடவினார். அப்பா எழுந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.