இரண்டு சதவீதம் கூட்டி எழுதிய மாவட்டம்

காலை பதினோரு மணிக்கு எழுத்தர் மாவட்டத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த மாவட்டத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கையேடு வரும். இத்தனை கிணறு, இத்தனை பள்ளி, இத்தனை மாடு, இத்தனை மனிதர் என்று எல்லாம் அதில் இருக்கும். பதினான்கு வருடமாக அதைத் தொகுப்பது அவர்தான். ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. போன வருடக் கணக்கோடு இரண்டு சதவீதம் கூட்டிப் போடுவது அவர் வழக்கம். போய்வர ஜீப் கொடுத்திருந்தார்கள். அவருக்குத்தான் நாற்காலியை விட்டு எழ மனம் வரவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டு சதவீதம்' என்றே பட்டப்பெயர். அதற்கு அவர் வெட்கப்பட்டதும் இல்லை. மழை பொய்த்து மந்தை மந்தையாக மாடு செத்த வருடமும் அவர் புத்தகத்தில் மாடு பெருகியது. பாதி ஊர் பிழைப்புத் தேடிக் கிளம்பிய வருடமும் ஜனத்தொகை கூடியது. "வளர்ச்சி நல்லா தெரியுதுய்யா" என்று மேலதிகாரி முதுகில் தட்டினார். குறைத்து எழுதினால் கேள்வி வரும், கூட்டி எழுதினால் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். உத்தியோகத்தில் அவர் கற்ற வித்தை இந்த ஒன்றுதான்.

ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஆறு வருடத்துக்கு முன் சுகாதார நிலையத்துக்கென்று ஒரு கட்டிடம் எழும்பியது. கட்டிடம் இருந்தால் கட்டில் இருக்காதா, கட்டில் இருந்தால் நர்ஸ் இருக்க மாட்டாளா என்று யோசித்தார் நம் ஆள். டீ குடித்த கையோடு 'கட்டில் நான்கு, நர்ஸ் இரண்டு' என்று எழுதிவிட்டார். பொய் சொல்கிறவனுக்கு ஞாபகசக்தியாவது வேண்டும் என்பார்கள். இவருக்கு அதுவும் இல்லை. அச்சில் வந்த பிறகு அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

இந்த வருடக் கணக்கை எழுதிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் தங்கை புருஷன் போன் செய்தார். ஆற்றங்கரைக்குப் பக்கத்து ஊரில் விவசாயம் பார்ப்பவர்.

"மச்சான், அவளுக்கு வலி வந்துருச்சு. இன்னும் மூணு வாரம் இருக்குன்னாங்க. வண்டி பிடிச்சுட்டேன், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்."

"டவுனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுமே மாப்ள. அரை மணி நேரத்துல ஆத்தங்கரை இருக்கு, அங்க போங்க."

"அது பூட்டியே கிடக்குன்னு சொல்றாங்களே மச்சான்."

எழுத்தருக்குக் கோபம் வந்தது. கையேட்டைப் பிரித்து, விரலை வைத்தே படித்தார். "யார் சொன்னது? கட்டில் நாலு, நர்ஸ் ரெண்டு. புத்தகத்துலயே இருக்கு. ஊர்ப்பேச்சைக் கேட்டு அவளை அலைய வைக்காதீங்க."

படித்தவர், மாவட்ட அலுவலகத்தில் இருப்பவர், கூடப் பிறந்த அண்ணன். மாப்பிள்ளை வண்டியை ஆற்றங்கரைப் பக்கம் திருப்பச் சொன்னார்.

அங்கே துருப்பிடித்த பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியே பார்த்தால் யாரோ அடுக்கிய உர மூட்டைகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைப் பிரசவ வலியோடு போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அந்தப் பெண்ணுக்கு. வந்த வழியே திரும்பி டவுன் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தைக்கு நேரம் கடந்திருந்தது.

மறுநாள் எழுத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனார். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை எழுந்து ஸ்டூலைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தங்கை திரும்பாமலே கேட்டாள். "அந்த நர்ஸை நீ பார்த்திருக்கியா அண்ணா?"

"இல்லம்மா."

"அந்த ஊரை?"

அந்த நிலையிலும் அவர் ஒரு சமாதானம் சொல்லப் பார்த்தார். "அந்தப் புத்தகத்தையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்கம்மா. பீரோவுல கிடக்கும். எல்லா மாவட்டத்துலயும் இப்படித்தான் எழுதறாங்க."

இப்போது அவள் திரும்பினாள். கண்ணில் அழுகை இல்லை. ஈரக் காலில் ஒட்டிய அட்டைப்பூச்சியைப் பார்ப்பதுபோல அண்ணனைப் பார்த்தாள்.

"படிக்கறாங்க. நர்ஸ் வேணும்னு அந்த ஊர்க்காரங்க மூணு தடவை மனு கொடுத்தாங்களாம். ஏற்கனவே ரெண்டு பேர் இருக்காங்கன்னு மூணு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்களாம். பூட்டின கதவுகிட்ட நான் துடிச்சப்ப ஒரு அம்மா சொல்லி அழுதாங்க. யார் எழுதினதுன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது, வெக்கமா இருந்துச்சு."

எழுத்தர் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"இல்லாததை இல்லைன்னு எழுதியிருந்தா, யாராவது ஒருத்தியை அனுப்பியிருப்பாங்க அண்ணா. இருக்குன்னு எழுதினியே, அதனாலதான் யாரும் வரல."