பத்துப் படங்கள்

...இதுவும் சோபாதான், இது கொலோன் சோபாவா பாரிஸ் சோபாவா என்றுகூடத் தெரியவில்லையே, குஷன் உறையில் மயில் இருந்தால் பாரிஸ், நவரத்தினம் வீடு, மயில் இல்லாவிட்டால் கொலோன்... தவராஜா கைப்பேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனார். வெளியே டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்து மழை, வியாழக்கிழமை பின்னேரம், வேலையால் வந்தவர் இன்னும் உடுப்பு மாற்றவில்லை. நாளைக் காலை ஜன்னல் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் அவருடைய முறை. வெள்ளிக்கிழமைதோறும் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டபடி யாராவது ஒருவர் விடுமுறைக்குப் போன இடங்களைப் பெரிய திரையில் காட்டுவது அங்கே வழக்கம். பத்துப் படம், அதற்கு மேல் கூடாது என்று அதை ஒழுங்கு செய்கிற லீஸ சொல்லியிருக்கிறாள், மேலே கூடாது சரி, கீழே போனால் என்ன செய்வாள்? ஆறு மாதமாக வாய் சும்மா கிடந்ததா, கொலோன் தேவாலயம், பாரிஸ், ரோம், கடைசியில் கிரேக்கத் தீவு என்று கார் புறப்படுமுன்பே ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. போன வருடம் ரோமுக்குப் போய்வந்த, கூடவேலை செய்கிற ப்ரேபென் வேறு முன்வரிசையில் இருப்பான், கல்லுக் கல்லாகக் கேள்வி கேட்பான், அவனுக்கு மயில் குஷனையா காட்டுவது?

அதற்கு யார் என்ன செய்ய முடியும், சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கிவிட்டு அடுத்த கலியாணவீட்டில் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? எல்லாரும் "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றுதான் தொடங்குகிறார்கள், பிறகு தேத்தண்ணி இடியப்பமாகி, இடியப்பம் ஆட்டிறைச்சிக் கறியாகி, பாரிஸில் நவரத்தினத்தின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோவாகவும் ஆனது. மூன்று மணி நேரம், பெட்டை ஹெலிகொப்டரில் வந்து இறங்கவே நாற்பது நிமிடம். குசினி ஜன்னலில் ஐஃபல் கோபுரம் கட்டைவிரல் அளவில் தெரிந்தது, ஒருக்கால் போய்ப் பார்ப்பமோ என்று இவர் இழுத்ததற்கு நவரத்தினம், "அது அங்கதான் அண்ணை நிக்கும், எங்க போகப்போகுது? நீங்கள் சாப்பிடுங்கோ" என்றான். உண்மைதான், அது எங்கேயும் போகவில்லை, அடுத்த நாள் விடிய இவர்கள்தான் ரோமுக்குப் போய்விட்டார்கள். கொலோன் தேவாலயமோ... தேவாலயம் இருக்கிறது, பார்க்கிங் பலகைக்குப் பின்னால் பாதி.

நல்ல காலம் பாரோஸ் தீவு. காரை ரோமில் மனைவி புஷ்பராணியின் மச்சாள் சாரங்கி வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறி, கப்பல் ஏறிப் போய் இறங்கினால் ஒரு தமிழ்க் குடும்பம் இல்லை. முதல் நாள் இரண்டு பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இஞ்ச எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று மனைவி கேட்டாள், இவரும் வெட்கமில்லாமல் பேஸ்புக்கில் தேடிப் பார்த்தார். இரண்டாம் நாள்தான் நடக்கத் தொடங்கினார்கள்... இருநூறு படம், எல்லாவற்றிலும் புஷ்பராணி, வெள்ளைச் சுவரில் சாய்ந்தபடி, நீலக் கதவுக்கு முன்னால், கயிற்றில் காயும் கணவாய்க்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி. இருபத்தெட்டு வருடமாக இந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாள்? இவளைத்தான் ரோமிலும் தேடவேண்டும். பயணமே அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் மேனுஜாவும் மற்றப் பிள்ளைகளும் கொடுத்த பரிசு, எட்டாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் கொலோசியத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. தள்ளினார், ரோமில் அவள் இல்லை. பாரிஸுக்குப் போனார், நவரத்தினம் இருக்கிறான், மயில் இருக்கிறது, தன்னுடைய வண்டி வயிறும் முன்னால் இருக்கிறது, அவள் இல்லை. கொலோனில் இல்லை. எங்கே போனாள்... எங்கே போவாள், ஒவ்வொரு வீட்டிலும் வீட்டுக்காரியோடு குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். சோபாவில் இருந்தபடி இன்னும் ரெண்டு கட்லெட் கொண்டுவா என்று குரல் கொடுத்ததும் தான்தானே?

"இஞ்சருங்கோ, ரோமில என்ரை படம் ஒண்டாவது நல்லதாய்க் கிடக்கோ? மேனுஜா கேட்டவள்." கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். "பாக்கிறன், பாக்கிறன்" என்று தெரியாதவர்போல மறுபடி முதலிலிருந்து தள்ளினார், சோபா, சோபா, தட்டு, சோபா... ஒன்று அகப்பட்டது. சாரங்கியின் புருஷன் நிறுத்த இடமில்லாமல் கொலோசியத்தைக் காரிலேயே இரண்டு தரம் சுற்றியபோது எடுத்தது. கண்ணாடிக்கு அப்பால் கலங்கலாகக் கொலோசியம், கீழ் மூலையில், அடுத்த சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோன பாயாசச் சட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தபடி இரண்டு வளையல் போட்ட ஒரு கை.

"இது நீதான்" என்றார்.

அவள் குனிந்து இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கொலோசியத்தையா... இல்லை, கையைத்தான். "ஓம், நான்தான்" என்றாள். "ஒரு சொட்டும் ஊத்தாமல் பிடிச்சிருக்கிறன்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். குறை சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா, சிரித்தாளா, முகத்தைப் பார்க்காமல் விட்டது பிழை... இரண்டு தரம் சுற்றினோமே, பக்கத்துச் சீற்றில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்த நான் ஒருக்காலாவது திரும்பி, கொலோசியம் உனக்குத் தெரியுதோ என்று கேட்டேனா? தவராஜாவுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.